கொலுவில் ஓடிய ஆறு

எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியாருக்கு மூக்கு கிடையாது. வலது கன்னத்தில் சாயமும் போய்விட்டது. ஆனாலும் மனிதர் வருடம் தவறாமல் அரிசி, பருப்பு, வெல்லம் என்று குட்டிக் கிண்ணங்களைப் பரப்பிக்கொண்டு கடை போட்டுவிடுகிறார். பக்கத்தில் அவர் மனைவி, முழு மூக்கோடும் மூக்குத்தியோடும். கொலு பார்க்க வருகிறவர்கள் இவருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஆற்றோடு போய்விட்டார் என்று சொல்வேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சுண்டலை வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் சொல்வது உண்மைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது அது. எனக்கு ஒன்பது வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நாலு பேர் இருந்தோம். அந்த ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சித்தி வந்து சேர்ந்தாள். சித்தப்பா மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தோல்பையைத் தூக்கிக்கொண்டு தேனாம்பேட்டையில் ஒவ்வொரு டாக்டராகப் பார்த்துவிட்டு வருவார். அது எல்லோருக்கும் புரிகிற உத்தியோகம். சித்தி செய்ததுதான் யாருக்கும் புரியவில்லை. அவள் ஆறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

ஆற்றைப் பற்றி என்றால் அணை கட்டுவது, பாலம் போடுவது இல்லை. ஆறு ஏன் நேராகப் போகாமல் வளைகிறது, ஒரு கரையை அரித்து எதிர்க்கரையில் ஏன் மணலைச் சேர்க்கிறது, தன் வழியைத் தானே எப்படி வெட்டிக்கொள்கிறது, இதுதான் அவள் படிப்பு. அப்பாவுக்கு இது பெரிய புதிர். "ஆறு அது பாட்டுக்குப் போயிண்டிருக்கு. அதுல ஆராய என்ன இருக்கு?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா எனக்கும் தெரியாது என்பது போலச் சிரித்தார். கல்யாணமான மறு மாதமே அப்பா வங்கிப் பரீட்சைக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி வந்து, சித்தியிடம் நேரே பேசும் வழக்கமில்லாததால், அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைச் சாப்பாட்டு மேஜை மேல் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைத்தாள். கடைசித் தேதி தீபாவளிக்கு முன்னால் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நானும் அப்பா கட்சிதான். எனக்குத் தெரிந்த ஒரே ஆறு அடையாறு. பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். சித்தி மட்டும் ஜன்னல் பக்கம் என் மேல் சாய்ந்து எட்டிப் பார்ப்பாள். கோவில் வாசலைக் கடக்கிறவர்கள் முகத்தில் இருக்குமே, அந்தப் பார்வை. "மணல் திட்டு போன வாரத்துக்கு இப்ப எவ்ளோ நகர்ந்திருக்கு பாரு" என்பாள். கறுப்புத் தண்ணீரும் கொக்கும்தான் எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டுவேன்.

அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அதை அவள் என் அம்மாவிடம் வத்தக்குழம்பு கொதிக்கும்போது சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் பெரிய தொட்டியில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டுக் குட்டி ஆறு செய்வார்களாம். அது ஆறாக நிற்கவே மாட்டேன் என்கிறதாம். கொஞ்ச நேரம் ஓடும், கரை பொலபொலவென்று சரியும், பத்துக் கிளையாகப் பிரிந்து தொட்டி முழுக்கப் பரவிவிடும். வளைந்து வளைந்து ஒரே ஆறாக ஓடுகிற ஒன்றை அவளால் உண்டாக்க முடியவில்லை. வழிகாட்டும் பேராசிரியை, பூஜை விடுமுறை முடிந்து வரும்போது ஏதாவது காட்டு, இல்லாவிட்டால் இந்தத் தலைப்பை விட்டுவிடு என்று சொல்லிவிட்டாள். தலைப்பை விட்டால் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருப்பதுதான். சித்தி அதைச் சொல்லவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் படி கட்டுவது, பொம்மை அடுக்குவது அம்மா. படிக்குக் கீழே தரையில் மணலைக் கொட்டிப் பார்க் போடுவது, வீட்டுக்கு வந்த புது மாட்டுப்பெண் என்று அம்மாவே தீர்மானித்தாள். மற்ற வீடுகளில் பார்க் என்றால் ஒரு மலை, பஞ்சில் மேகம், முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், அதில் இரண்டு பிளாஸ்டிக் வாத்து. சித்தி கொஞ்சம் தயங்கிவிட்டு, "மன்னி, நெஜமாவே ஓடற ஆறு வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தண்ணி லாரி வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வரது. எவ்ளோ வேணும்?"

"ஒரு வாளி போறும். அதையே திருப்பித் திருப்பி விட்டுக்கலாம்."

ஒரு வாளி மஞ்சூர் ஆயிற்று. கொல்லையில் சாத்தியிருந்த பழைய கதவு ஒன்றைச் சித்தப்பா எடுத்து வந்து, நாலு பக்கமும் சட்டம் அடித்து, பாலித்தீன் விரித்து, ஒரு தலைப்பைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார். தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மணல் அடிக்கிறவர் தன் மூன்று சக்கர வண்டியில் இரண்டு மூட்டை கொண்டுவந்து போட்டார். சித்தி அதில் கைவிட்டு அள்ளி, விரலிடுக்கில் விட்டுப் பார்த்து, எந்த ஊர் மணல் என்று கேட்டாள்.

"பாலாத்து மணலும்மா. கலப்படம் கெடையாது. இன்னா, வூட்டுக்குள்ள சொவுரா எழுப்பப் போறீங்க?"

"இல்ல, ஆறு."

அவர் சித்தியையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆத்துலேர்ந்து மண்ண இட்டாந்து ஆறு செய்றியா? நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்துக்கொண்டு போனார்.

சண்டை வந்தது ரப்பர் குழாயில்தான். வாளியிலிருந்து தண்ணீரை அளவாக விடச் சித்தப்பா ஒரு குழாய் கொண்டுவந்தார், திருகிக் குறைக்கிற கிளிப்போடு. அது எந்த வைத்தியத்துக்கான குழாய் என்று அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் மாறிவிட்டது. அம்பாள் எழுந்தருளுகிற இடத்தில் எனிமா குழாயா என்றாள். புதுசு மன்னி, பாக்கெட்டே பிரிக்கலை என்று சித்தப்பா கெஞ்சினார். கடைசியில் அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் அலம்பி வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அது என்ன குழாய் என்று யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு.

இன்னொரு விஷயத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவே இல்லை. கொலுப் பார்க்கில் பச்சை வேண்டும். சித்திக்கு வெறும் மணல்தான் வேண்டும், புல் இருந்தால் ஆறு அதன் இஷ்டப்படி போகாது என்றாள். "புல்லு இல்லாத பார்க்கா? தெருவே சிரிக்கும்" என்று அம்மா கேழ்வரகையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, ஒரு வாரம் முன்பே மணல் முழுக்கத் தூவிவிட்டாள். அமாவாசைக்குள் கதவு முழுவதும் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. சித்தி பேசாமல் நடுவில் விரலால் நேராக ஒரு கோடு கிழித்தாள். அந்தப் பேசாமையை எங்கள் வீட்டில் எல்லோரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அமாவாசையன்று பொம்மைகள் ஏறின. செட்டியாரும் அவர் மனைவியும் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்துக்குச் சீராக வந்தவர்கள். களிமண் பொம்மைகள். படி மேல் வைக்கவே கூடாது, வாசல் பார்த்துத் தரையில்தான் கடை இருக்க வேண்டும் என்பது அம்மாவின் அம்மா போட்ட சட்டம். அதனால் அவர்கள் ஆற்றின் இடது கரையில், புல் நடுவே, கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"மன்னி, ஆறு அந்தப் பக்கம் வந்தாலும் வரும்" என்றாள் சித்தி.

"வரட்டுமே. கடைக்குத் தண்ணி வேண்டாமா?"

வைத்த பொம்மையை விஜயதசமி ராத்திரி வரை நகர்த்தக்கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எந்த வீட்டிலும் அப்படித்தான். குழந்தைகள் கை வைத்தால் முதுகில் ஒன்று விழும். சித்திக்கும் அது தெரியும்.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. ஆறு போய் விழுகிற பிளாஸ்டிக் டப்தான் கடல். கடல் நிறைந்ததும் மொண்டு எடுத்து மேலே ஸ்டூலில் இருக்கும் வாளியில் ஊற்ற வேண்டும். "நீதான் மேகம்" என்று சித்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாகக்கூட என்னை யாரும் போட்டதில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேகமாக இருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து அப்பாவின் தூரத்து உறவு மாமி ஒருத்தி வந்தாள். சித்தி அவளுக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து ஓடிய ஆறு பிரியவில்லை. ஒரே ஆறாக இருந்தது. அதோடு, அவள் கிழித்த நேர்க்கோட்டில் லேசாக ஒரு வளைவு விழுந்திருந்தது. மாமி பாடி முடித்து, காத்திருந்து, தானே தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். "கொழந்தை ரொம்ப சாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் பிரியவில்லை. சித்தி தினமும் காலையில் நாற்காலி மேல் ஏறி நின்று, சித்தப்பா நண்பரிடம் கடன் வாங்கிய கேமராவில் ஒரு படம் எடுத்தாள். கரை எங்கே இருக்கிறதோ அங்கே துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து நட்டாள். அடுத்த நாள் பார்த்தால் ஈர்க்குச்சி தண்ணீருக்குள் நிற்கும். கரை உள்ளே போயிருக்கும். எதிர்ப்பக்கம் மெல்லிசாக ஒரு மணல் பிறை சேர்ந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒன்றும் நடக்காது. சாப்பிட்டுவிட்டு வந்தால் நடந்திருக்கும். எனக்கு அந்த ஆற்றின் மேல் அப்படி ஒரு ஆசை வந்துவிட்டது. பள்ளி விட்டதும் யாருக்கோ வாக்குக் கொடுத்தவள் மாதிரி ஓடி வருவேன்.

தெருவில் செய்தி பரவி, கூப்பிடாதவர்களும் கொலு பார்க்க வந்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுண்டலுக்கு இரண்டு மடங்கு ஊறப்போட்டாள்.

நாலைந்து நாளில் ஆறு இடது பக்கம் நன்றாக வளைந்துவிட்டது. செட்டியாருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல்தான் இருந்தது. முதலில் கவனித்தது அப்பா. "தண்ணிய நிறுத்திடச் சொல்லு. ஒங்காத்துப் பொம்மை, போச்சுன்னா வராது" என்று அம்மாவிடம் சொன்னார். அப்புறம் அவரே யோசித்து, "இல்லன்னா கரையில ஒரு செங்கல்லப் போட்டுக் கட்டிடலாம்" என்றார். அப்பாவுக்கு எதற்கும் ஒரு செங்கல் போதும்.

சித்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். செங்கல் வைத்தால் ஆறு வளைந்தது தானாக வளைந்ததாக இருக்காது. தண்ணீரை நிறுத்தினாலும் அவ்வளவுதான், இத்தனை நாள் எடுத்த படங்கள் பாதியில் நின்றுவிடும். ஆனால் அவள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பொம்மை அம்மாவுடைய அம்மா கொடுத்தது. "நிறுத்திடறேன் மன்னி. பரவால்ல" என்றாள்.

அம்மா உள்ளே போனாள். நிறுத்து என்றும் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. மேகத்துக்கு என்ன செய்வதென்று தெரியாததால் வழக்கம் போல மொண்டு ஊற்றியது.

சரஸ்வதி பூஜை வந்தது. படிப்பு, தொழில் சம்பந்தமான எல்லாவற்றையும் அம்பாள் முன்னால் வைத்துவிட வேண்டும், அன்றைக்கு அதைத் தொடக்கூடாது. அப்பா பேனா வைத்தார். சித்தப்பா தோல்பையை வைத்தார். நான் கணக்குப் புத்தகத்தை அடியில் தள்ளி, அதன் மேல் மற்ற எல்லாப் புத்தகங்களையும் பாரமாக அடுக்கினேன். அம்மா வருடா வருடம் வைக்கிற தகரப் பெட்டியை வைத்தாள். ஜாமெட்ரி பாக்ஸை விடக் கொஞ்சம் நீளம், பச்சைச் சாயம். பூஜைக்குப் பூஜை பீரோவிலிருந்து வரும், மறுநாள் திறக்காமலே திரும்பப் போகும். அது எம்ப்ராய்டரி ஊசிப் பெட்டி என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன்.

சித்தி ஸ்கேலையும் கேமராவையும் வைத்துவிட்டு, "மன்னி, ஆறும் என் படிப்புதானே. இன்னிக்கு நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாள். சாஸ்திரமே நிறுத்தச் சொன்னால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, கதவின் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் இட்டாள். குழாய்க்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"பூஜைல வெச்சாச்சு. இனிமே யாரும் தொடக்கூடாது. அது பாட்டுக்குப் போயிண்டிருக்கட்டும்."

எனக்கு மட்டும் எப்படி வேலை உண்டு, நானும்தானே எதையும் தொடக்கூடாது என்று நியாயம் கேட்டேன். "மேகத்துக்கு ஏதுடி லீவு, போய் மொண்டு விடு" என்றாள் அம்மா.

சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். யாரோ ஒரு மாமி ரஞ்சனி ராகத்தில் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் டப் பக்கம் குனிந்திருந்தேன். செட்டியாரின் கால் பக்கத்துக் கரை பிட்டு உதிர்வது போல ஒரு விள்ளலாகச் சரிந்தது. அவர் முன்னால் சாய்ந்தார். கடைக்குக் கடன் கேட்டு வந்தவரை உற்றுப் பார்ப்பது போல ஒரு கணம் இருந்தார். அப்புறம் மூக்குக் குப்புற ஆற்றில் விழுந்தார். தண்ணீரில் சாயம் ரோஜா நிறமாக இழுத்துக்கொண்டு கடல் வரை போயிற்று.

நான் கத்திவிட்டேன். மாமியின் பாட்டு நின்றது. அப்பா தாவி வந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்கோ" என்றாள் அம்மா. சத்தமாகக்கூட இல்லை. அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா ஒரு நிமிஷம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "ஒங்களுக்குச் சுண்டல் காரமா, வெல்லம் போட்டதா?" என்று கேட்டாள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். செட்டியாருக்காகச் சித்தி அழுகிறாள், பெற்ற அம்மா கொடுத்த பொம்மைக்கு அம்மா அழவில்லையே என்று எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. அவருக்காக நான்தான் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜை முடிந்ததும் வைத்ததை எடுத்து, பிரித்து, ஒரு வரியாவது படிக்க வேண்டும். நான் கணக்கில் ஒரே ஒரு வரி படித்து மூடினேன். சித்தி கடைசிப் படத்தை எடுத்தாள். ஆறு கடைசி வரைக்கும் ஒரே ஆறாகத்தான் இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்துப் பேராசிரியை தலைப்பை மாற்ற வேண்டாம் என்று சொன்னதும், வங்கிப் பரீட்சைத் தேதி ஜாடிக்கு அடியிலேயே கடந்து போனதும், சித்தி அந்தத் தலைப்பிலேயே பட்டம் வாங்கியதும் எல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்குக் காலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மா அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே எம்ப்ராய்டரி நூல் எதுவும் இல்லை. மரப்பிடி போட்ட இரண்டு ஊசி, ஒரு சின்னக் கத்தி, ஒரு இடுக்கி, மெல்லிய பிரஷ், மடக்கி வைக்கிற ஒரு பூதக்கண்ணாடி. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தாள்.

"பூஜைல வெச்சத இன்னிக்குப் பிரிச்சுப் படிக்கணும் இல்லியோ" என்று சொல்லி, கத்தியால் கரையைக் கேக் வெட்டுவது போல நேராக வெட்டினாள்.

என் ஆறு. ராத்திரி வரை இருக்கும் என்று நான் நம்பியிருந்த ஆறு. நான் உம்மென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை. அம்மா பிரஷால் மணலைத் தள்ளித் தள்ளி, ஊசியால் வேரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். சித்தி பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருந்தன.

"இங்க கேழ்வரகு. சல்லி வேர். மணல வலை மாதிரி புடிச்சிண்டிருக்கு பாரு, அதான் கரை நின்னுருக்கு. கடைப் பக்கம் கேழ்வரகு போதல, வெந்தயத்தத் தூவினேன். அது ஆணிவேர். நேரா எறங்கிடும், பக்கத்துல புடிக்காது. செட்டியார் அங்கதான் விழுந்தார்."

சல்லி வேர், ஆணிவேர் எல்லாம் எங்கள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது என்று நான் சுவரோரத்திலிருந்து சொன்னேன். அதற்கும் யாரும் திரும்பவில்லை. அப்பா காப்பி கேட்டு வாசற்படி வரை வந்தார், கொஞ்ச நேரம் நின்றார், திரும்பிப் போய்த் தானே பாலைக் காய்ச்சினார். பால் பொங்குகிற வாசனை வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"மன்னி, இதெல்லாம் எங்க கத்துண்டேள்?" என்று சித்தி கேட்டாள்.

"காலேஜ்லதான். பாட்டனி. கல்யாணத்துக்கு அப்பறமும் போயிண்டுதான் இருந்தேன். ரெண்டு வருஷம் முடிச்சுட்டேன். மூணாவது வருஷம் ஆரம்பிக்கறச்சே இவ வயத்துல."

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து ஒருவரும் சீந்தாமல் இருந்த எனக்கு, 'இவ' என்று பேச்சில் என்னைச் சேர்த்துக்கொண்டதும் கோபமெல்லாம் போய்விட்டது. அம்மாவின் கதையில் நானும் வருகிறேன். அதுவும் முக்கியமான இடத்தில் வருகிறேன் என்று சித்தியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. எழுந்து போய் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"கை ஆடறது. கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள் அம்மா.

தள்ளி உட்கார்ந்தேன். அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.